பராமரிப்பு இல்லத்தில் பெற்றோர்: பதிவுகளைக் கேட்டுப் பெறுவது, நடந்ததைத் தெரிவிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஹாரோ, வெம்ப்ளி, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், குரோய்டன் பக்கமெல்லாம் நம் பெரியவர்கள் பலர் இன்று பராமரிப்பு இல்லங்களில் இருக்கிறார்கள். அதே இல்லங்களில் வேலை பார்ப்பவர்களிலும் நம்மவர்கள் நிறைய. நான் இங்கே சீனியர் கேரராக, அதாவது மூத்த பராமரிப்பாளராக, வேலை பார்த்தவள். இப்போது குடும்பங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறேன், கூட்டங்களுக்குத் துணைக்குப் போகிறேன். என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான்: உள்ளே என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க முடியுமா? ஏதாவது நடந்துவிட்டால் யார் யாரிடம் சொல்ல வேண்டும்?

கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துச் சட்டத்தை ஒட்டியவை. பிரச்சினை வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே படித்து வையுங்கள். அம்மா விழுந்த இரவைப் பற்றி மறுநாள் காலையில் கேட்டால் கிடைக்கிற பதில் வேறு, மூன்று மாதம் கழித்துக் கேட்டால் கிடைக்கிற பதில் வேறு.

அம்மாவைப் பற்றி எழுதி வைத்திருப்பதை நாங்கள் கேட்டு வாங்க முடியுமா? "அதெல்லாம் எங்கள் உள் ஆவணம்" என்கிறார்கள்.

முடியும். 2018-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் யு.கே. ஜி.டி.பி.ஆர். விதிகளும், தன்னைப் பற்றி வைத்திருக்கும் தகவலின் நகலைக் கேட்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுத்திருக்கின்றன. கவுன்சில் நடத்தும் இல்லமா, தனியார் கம்பெனியா, தர்ம ஸ்தாபனமா என்ற வித்தியாசம் இதில் கிடையாது. மாதாமாதம் பணம் யார் கட்டுகிறார்கள் என்பதும் இதில் பொருட்டில்லை. 'உள் ஆவணம்' என்று சொல்லி மறுக்க முடியாது. விபத்துப் படிவத்தில் அம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறதா, அந்தப் பகுதி அம்மாவுக்கு உரியது.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே சட்டம் பேச வேண்டாம். அடுத்த முறை பார்க்கப் போகும்போது, "அம்மாவின் கேர் பிளானை (பராமரிப்புத் திட்டத்தை) ஒருமுறை சேர்ந்து பார்க்கலாமா?" என்று மேனேஜரிடம் கேளுங்கள். நல்ல இல்லமாக இருந்தால் அன்றைக்கே கணினியைத் திறந்து காட்டுவார்கள். அப்படிக் காட்டுகிற இடத்தில் நீங்கள் கடிதம் எழுதும் தேவையே பல நேரம் வராது. தயங்கினாலோ, "அப்புறம் பார்க்கலாம்" என்று நாள் கடத்தினாலோ, எழுத்தில் கேளுங்கள்.

நான் மூத்த மகன். 'நெக்ஸ்ட் ஆஃப் கின்' என்று என் பெயர்தான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. நம் குடும்பங்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். அந்தப் பெயர், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக எழுதி வைப்பது. அதை வைத்து அம்மாவின் பதிவுகளைக் கேட்கும் சட்ட உரிமை மகனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை, கட்டிய கணவருக்கும் இல்லை.

அம்மாவுக்கு விஷயம் புரிந்து முடிவெடுக்கும் நிலை இருந்தால், "என் பதிவுகளை என் மகனிடம் கொடுங்கள்" என்று அவர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும். அந்த நிலை இல்லையென்றால், தன் சார்பில் முடிவெடுக்க இன்னொருவருக்கு முன்கூட்டியே அதிகாரம் எழுதிக் கொடுக்கும் லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி பத்திரம் வேண்டும். அதில் இரண்டு வகை உண்டு: உடல்நலம் பராமரிப்பு சார்ந்தது ஒன்று, சொத்தும் பணமும் சார்ந்தது மற்றொன்று. வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு என்று இரண்டாவதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, முதலாவதை விட்டுவிட்ட குடும்பங்களை நான் நிறையப் பார்க்கிறேன். பராமரிப்புக் குறிப்புகளைக் கேட்க முதலாவதுதான் கைகொடுக்கும். பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே இரண்டையும் எழுதி, பப்ளிக் கார்டியன் அலுவலகத்தில் பதிவு செய்து வையுங்கள். பதிவுக்குப் பல வாரம் ஆகும்.

அப்பாவுக்கு டிமென்ஷியா முற்றிவிட்டது. பத்திரம் எதுவும் எழுதவில்லை. கதவு மூடிவிட்டதா?

மூடவில்லை, வழி கொஞ்சம் சுற்று. 2005-ன் மனத்திறன் சட்டப்படி, தானே முடிவெடுக்க முடியாதவருக்காக எடுக்கும் எந்த முடிவும் அவருடைய நலனுக்கு உகந்ததாக இருக்க வேண்டும். அதற்காக, அவருடைய நலனில் அக்கறையுள்ளவர்களைக் கலந்து பேச வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே, "அப்பாவின் பாதுகாப்பைப் பற்றிப் பேச இந்த இந்தத் தகவல் தேவை, அதைப் பகிர்வது அவர் நலனுக்கு உகந்தது" என்று காரணத்தோடு எழுதிக் கேளுங்கள். இல்லம் கொடுக்கலாம். கொடுக்கவில்லை என்றால், ஏன் கொடுக்கவில்லை என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் என்ற நீதிமன்றத்தில், அவர் சார்பில் முடிவெடுக்கும் 'டெபுட்டி'யாக நியமனம் கேட்பது கடைசி வழி. செலவும் காலமும் பிடிக்கும், அதனால் நான் யாருக்கும் அதை முதலில் சொல்வதில்லை.

எப்படிக் கேட்பது? என்னென்ன கேட்பது?

வாய்வார்த்தையாகக் கேட்டாலும் சட்டப்படி செல்லும். மேனேஜரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் இல்லை, அங்கே வேலை பார்க்கும் யாரிடம் கேட்டாலும் அது கோரிக்கைதான். இருந்தாலும் மின்னஞ்சலில் கேளுங்கள். தேதி பதிவாகிவிடும், பின்னால் யாரும் "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்ல முடியாது.

"அம்மாவைப் பற்றிய எல்லாவற்றையும் கொடுங்கள்" என்று கேட்டால் ஒரு பெரிய கட்டு வந்து சேரும், வேண்டிய தாள் மட்டும் அதில் இருக்காது. தேதியையும் தாளின் பெயரையும் சொல்லிக் கேட்பதே நல்லது. விழுந்த விஷயம் என்றால்: அந்த நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்துக்கான தினக்குறிப்பு, விபத்துப் படிவம், பாடி மேப் எனப்படும் உடல் வரைபடம் (காயம் எங்கே என்று குறிக்கும் தாள்), விழும் அபாய மதிப்பீடு, அன்றைய ஷிஃப்ட் கைமாற்றுக் குறிப்பு, அழைப்பு மணிப் பதிவு. படுக்கைப் புண் என்றால் புரட்டிப் படுக்க வைத்த சார்ட், வாட்டர்லோ மதிப்பெண் (படுக்கைப் புண் வரும் அபாயத்தின் அளவு), எடைப் பதிவு, 'மஸ்ட்' எனப்படும் சத்துக்குறைவு மதிப்பீடு. மருந்துப் பிரச்சினை என்றால் மார் சார்ட் (எந்த மருந்தை எப்போது, யார் கொடுத்தார்கள் என்று குறிக்கும் தாள்).

அழைப்பு மணிப் பதிவு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. மின்னணு மணி உள்ள பல இல்லங்களில், எந்த அறையில் எத்தனை மணிக்கு அழுத்தினார்கள், எத்தனை மணிக்கு ஆள் வந்து நிறுத்தினார்கள் என்று கருவியே குறித்துக்கொள்ளும். ஒருவர் நினைவிலிருந்து எழுதியது இல்லை என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். சில கருவிகள் பழைய பதிவை அழித்துக்கொண்டே போகும். அதனால் இதை மட்டும் முதல் நாளே, "அழியாமல் எடுத்து வையுங்கள்" என்று தனியாக எழுதிக் கேளுங்கள்.

இன்னொன்று. இல்லத்தில் எல்லாமே இருக்காது. மாவட்ட நர்ஸ் வந்து கட்டுப்போட்டிருந்தால் அந்தக் குறிப்பு அவருடைய என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) அமைப்பிடம் இருக்கும். குடும்ப டாக்டரின் குறிப்பு அவருடைய ஜி.பி. சர்ஜரியில் இருக்கும். ஆம்புலன்ஸ் வந்திருந்தால் அவர்கள் தாளில், எத்தனை மணிக்கு அழைப்பு வந்தது, வந்தபோது ஆள் எந்த நிலையில் இருந்தார், இல்லத்தார் என்ன சொன்னார்கள் என்றெல்லாம் இருக்கும். ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இல்லத்தின் கதையும் ஆம்புலன்ஸ் தாளும் ஒத்துப்போகிறதா என்பதுதான் பல நேரம் எனக்கு முதல் கேள்வி.

எத்தனை நாளில் தர வேண்டும்? பணம் கேட்பார்களா?

ஒரு மாதம். மார்ச் 3 அன்று கோரிக்கை போய்ச் சேர்ந்தால் ஏப்ரல் 3-க்குள் பதில் வர வேண்டும். விஷயம் சிக்கலாக இருந்தால் இன்னும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். பொதுவாகக் கட்டணம் இல்லை.

பதிலே இல்லை. என்ன செய்யலாம்?

முதலில் ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள்: கேட்ட தேதி, முடிந்த தேதி, இன்னும் ஒரு வாரம். அப்புறம் தகவல் ஆணையர் அலுவலகத்துக்கு, அதாவது ஐ.சி.ஓ.வுக்குப் புகார். அது இலவசம், இணையத்திலேயே செய்யலாம்.

"அவர்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள்" என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு யார்க்ஷையர் கடற்கரை ஊரான பிரிட்லிங்டன் வழக்கைச் சொல்வேன். அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்த தந்தைக்காக, பவர் ஆஃப் அட்டர்னி வைத்திருந்த மகள் 2023-ல் சம்பவ அறிக்கைகள், கேமரா பதிவு, பராமரிப்புக் குறிப்புகள் ஆகியவற்றைக் கேட்டார். இல்லம் தரவில்லை. ஐ.சி.ஓ. வழக்குப் போட்டது. 2025 செப்டம்பரில் அந்த இல்லத்தின் இயக்குநர் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 1,100 பவுண்டு அபராதமும், அதற்கு மேல் 5,000 பவுண்டுக்கும் கூடுதலாக வழக்குச் செலவும் கட்ட வேண்டி வந்தது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 173-வது பிரிவில் வந்த வழக்கு அது. கேட்ட பிறகு, கொடுக்காமல் தடுக்கும் எண்ணத்தோடு பதிவை அழிப்பது, மாற்றுவது, மறைப்பது குற்றம் என்கிறது அந்தப் பிரிவு. கடிதத்தில் அந்தப் பிரிவு எண்ணைக் குறிப்பிடுவதில் தவறில்லை. மிரட்டலாக எழுதாமல் ஒரு வரியில் எழுதுங்கள்.

வந்த தாள்களில் பாதி கறுப்பு மை பூசியிருக்கிறது.

மற்றவர்களைப் பற்றிய தகவலை மறைக்கலாம். அம்மாவைப் பிடித்துத் தள்ளியது பக்கத்து அறைக்காரர் என்றால் அவர் பெயர் மறைக்கப்படும், அது நியாயம். ஆனால் அம்மாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ், சமூக சேவகர் போன்றவர்களின் பெயரை வெறுமே 'மூன்றாம் நபர்' என்று சொல்லி மறைப்பது பெரும்பாலும் சரியாகாது. எந்த விலக்கின்படி மறைத்தீர்கள் என்று பக்கம் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கட்டு வந்துவிட்டது. எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

நேரங்களிலிருந்து ஆரம்பியுங்கள். இப்போது நிறைய இல்லங்களில் கேரர் கையில் ஃபோன் மாதிரி ஒரு கருவி இருக்கும், எல்லாப் பதிவும் அதில்தான். காரியம் நடந்ததாகச் சொல்லும் நேரம் ஒன்று, அதைப் பதிவு ஏற்றிய நேரம் ஒன்று என்று உள்ளே இரண்டு இருக்கும். அச்சடித்த தாளில் முதலாவது மட்டும் வரலாம். இரண்டும் தெரியும்படி, திருத்தங்களின் தடத்தோடு வேண்டும் என்று கேளுங்கள். இரவு 11, 1, 3, 5 மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்க வைத்ததாக நான்கு பதிவு, நான்கும் ஏறியது காலை 6.52-க்கு என்று வைத்துக்கொள்வோம். உடனே பொய் என்று முடிவு கட்ட வேண்டாம். இரவு ஷிஃப்டில் ஓடியாடி வேலை பார்த்துவிட்டு விடியும் நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அம்மாவின் முதுகில் புண் வந்திருக்கிறது என்றால், கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அடுத்து, எழுதிய விதம். "செட்டில்ட். ஆல் கேர் கிவன்." (அமைதியாக இருந்தார். எல்லாப் பராமரிப்பும் கொடுத்தாயிற்று.) இந்த இரண்டு வாக்கியம் நாள் தவறாமல் வருகிறதா? அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. நல்ல பதிவு இப்படி இருக்கும்: "மாலை 5.10. கால் தட்டு சாதம், தயிர் இரண்டு கரண்டி, தண்ணீர் 80 மி.லி. இடது கையைத் தூக்கும்போது முகம் சுளித்தார். நர்ஸிடம் சொன்னேன், அவர் வந்து பார்த்தார்." இதை எழுதிய பெண் அம்மாவை உண்மையிலேயே கவனித்திருக்கிறாள். அப்படிப்பட்ட பதிவைப் பார்த்தால் அதையும் மேனேஜரிடம் சொல்லுங்கள். குறையைச் சொல்கிற அளவுக்கு நிறையை யாரும் எழுதிக் கொடுப்பதில்லை.

மூன்றாவது, ஒரு தாளை இன்னொரு தாளோடு வைத்துப் பார்ப்பது. தினக்குறிப்பில் "நன்றாகச் சாப்பிட்டார்", எடைப் பதிவில் இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைவு. தண்ணீர் சார்ட்டில் நாளுக்கு ஒன்றரை லிட்டர், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாளில் நீர்ச்சத்து வற்றியிருந்தது. மார் சார்ட்டில் கையெழுத்துக் கட்டம் காலி, தினக்குறிப்பில் "மாத்திரை கொடுத்தாயிற்று". முரண்படும் இடங்களை மட்டும் ஒரே ஒரு பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். அந்த ஒரு பக்கம், பத்துப் பக்கக் கோபக் கடிதத்தை விட அதிகம் சாதிக்கும்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வருகிறது. குறிப்பில் "கத்தினார், முரட்டுத்தனமாக நடந்தார்" என்று இருக்கிறது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. டிமென்ஷியா வந்தவர்களுக்குப் பின்னால் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவது உண்டு. நாற்பது வருடம் இங்கே பேங்கில் வேலை பார்த்தவர்கூடத் தமிழ் மட்டும் பேசத் தொடங்கிவிடுவார். "பாத்ரூம் போகணும், பாத்ரூம் போகணும்" என்று அவர் கெஞ்சியது "சத்தம் போட்டார்" என்று பதிவாகிறது. மாட்டிறைச்சியை ஒதுக்கிய சைவக்காரர் "உணவு மறுத்தார்" ஆகிறார். இப்படி நாலு பதிவு சேர்ந்தால் அடுத்து டாக்டர் வருவார், தூக்க மாத்திரையோ மனநல மருந்தோ எழுதப்படலாம். தவறான ஒரு பதிவு அவர் உடம்பில் மருந்தாகவே இறங்கிவிடுகிறது.

தவறான தகவலைத் திருத்தக் கேட்கும் உரிமை அதே ஜி.டி.பி.ஆர். விதிகளில் இருக்கிறது. பதிவு எழுதியவரின் கருத்து என்பதால் அழிக்க மாட்டோம் என்றால், உங்கள் விளக்கத்தைப் பக்கத்திலேயே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், கேர் பிளானில் இதை ஏற்றுவது: வலித்தால் அம்மா என்ன சொல்வார், பாத்ரூம் போக வேண்டுமென்றால் என்ன சொல்வார், எதைச் சாப்பிட மாட்டார். பத்துச் சொற்களை ஆங்கில உச்சரிப்போடு எழுதி அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். தமிழ் தெரிந்த கேரர் அங்கே இருந்தால் அவர் பெயரும் பிளானில் இருக்கட்டும்.

அம்மா விழுந்துவிட்டார் என்று மறுநாள் மத்தியானம் ஃபோன் வந்தது. இல்லம் உண்மையில் என்ன செய்திருக்க வேண்டும்?

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்தாமல் முதலில் காயம் பார்க்க வேண்டும். தலையில் அடியா, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரா என்று பார்த்து மருத்துவ உதவி கேட்க வேண்டும். அடுத்து விபத்துப் படிவமும் பாடி மேப்பும். தலையில் அடி என்றால் அல்லது விழுந்ததை யாரும் பார்க்கவில்லை என்றால், குறித்த இடைவெளியில் நினைவு, கண்மணி, நாடித்துடிப்பு பார்த்துப் பதிய வேண்டும். குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். விழும் அபாய மதிப்பீட்டைத் திரும்பப் போட்டு, பிளானை மாற்ற வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் அதிகம் விடுபடுகிறது. இரண்டாம் முறை விழுந்தவரின் கோப்பைத் திறந்தால், முதல் முறை விழுந்த பிறகு எதுவுமே மாறியிருக்காது.

நீங்கள் அன்றே கேட்க வேண்டியவை: கடைசியாக யார், எத்தனை மணிக்கு நல்லபடியாகப் பார்த்தார்கள்? கண்டது யார், எந்த நிலையில் கிடந்தார்? மணி கைக்கு எட்டும்படி இருந்ததா? சென்சார் பாய் போட்டிருந்ததா, அது வேலை செய்ததா? காலில் என்ன செருப்பு? ஷிஃப்டில் எத்தனை பேர்? இதையெல்லாம் குற்றம் சாட்டும் தொனியில் கேட்க வேண்டாம். கேட்டு, பதிலை எழுதி, "இன்று நாம் பேசியது இது" என்று அன்று மாலையே மேனேஜருக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். காயத்தைத் தேதியோடு புகைப்படமும் எடுங்கள்.

இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இல்லம் எங்களுக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டுமா?

பெரும்பாலும் ஆம். பராமரிப்பு நடத்துபவர்களுக்கான 2014-ன் விதிமுறைகளில் 20-வது விதி, வெளிப்படையாக நடக்கும் கடமையைப் பற்றியது. இங்கே அதை 'டியூட்டி ஆஃப் கேண்டர்' என்பார்கள். பராமரிப்பு இல்லங்களுக்கு அது 2015 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பராமரிப்பின்போது எதிர்பாராமல் நடந்த ஒன்றால் மரணமோ, குறைந்தது 28 நாள் நீடிக்கும் வலி அல்லது செயலிழப்போ, அது போன்ற கடும் பாதிப்போ வந்தால் அந்த விதி பொருந்தும். அப்போது இல்லம் நேரில் சொல்ல வேண்டும், தெரிந்த உண்மைகளைச் சொல்ல வேண்டும், மேற்கொண்டு என்ன விசாரிக்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும். அப்புறம் அதையெல்லாம் எழுத்தில் தர வேண்டும். தவறு யாருடையது என்று முடிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

"மன்னிப்புக் கேட்டால் வழக்கில் மாட்டிக்கொள்வோம்" என்று மேனேஜர்கள் பயப்படுகிறார்கள். 2006-ன் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது மட்டுமே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பயத்தில் வாயை மூடிக்கொள்வதுதான் நிறையக் குடும்பங்களை வக்கீலிடம் அனுப்புகிறது.

எந்தச் சம்பவங்களை இல்லம் வெளியே தெரிவித்தாக வேண்டும்?

மேற்பார்வை அமைப்பான சி.க்யூ.சி.க்கு, அதாவது கேர் குவாலிட்டி கமிஷனுக்கு: மரணம், கடுமையான காயம், கொடுமை நடந்தது அல்லது நடந்ததாகக் குற்றச்சாட்டு, போலீஸ் சம்பந்தப்பட்டது, இல்லம் சரியாக இயங்க முடியாமல் போகும் நிகழ்வு. இவற்றைத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்கின்றன 2009-ன் பதிவு விதிமுறைகள். இல்லத்துக்கு வந்த பிறகு உண்டான, மூன்றாம் நிலை அல்லது அதைவிட மோசமான படுக்கைப் புண்ணும் இந்தப் பட்டியலில் வரும். இது பல குடும்பங்களுக்குத் தெரியாது. அறிவிக்காமல் விடுவது குற்றம். "சி.க்யூ.சி.க்கு அறிவித்தீர்களா, எந்தத் தேதியில்?" என்று நீங்கள் தாராளமாகக் கேட்கலாம்.

கொடுமை, புறக்கணிப்பு என்று சந்தேகம் வந்தால் உள்ளூர் கவுன்சிலின் சேஃப்கார்டிங் (கொடுமையிலிருந்து காக்கும்) பிரிவுக்கும் சொல்ல வேண்டும். ஹாய்ஸ்ட் (ஆளைத் தூக்கி மாற்றும் கருவி) அறுந்து விழுவது போன்றவை வேலையிடப் பாதுகாப்பு விதிகளிலும் வரும். அது இல்லத்தின் வேலை, நீங்கள் தலையிட வேண்டியதில்லை.

நாங்களே சி.க்யூ.சி.யிடம் புகார் செய்தால் அவர்கள் விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்களா?

மாட்டார்கள். தனி ஒரு குடும்பத்தின் புகாரைத் தீர்த்து வைப்பது பொதுவாக அவர்கள் வேலை இல்லை. நீங்கள் சொல்வதைத் தகவலாக எடுத்துக்கொண்டு, அந்த இல்லத்தை எப்போது, எப்படிச் சோதிப்பது என்று முடிவு செய்வார்கள். அதற்காகச் சொல்லாமல் இருக்க வேண்டாம், 03000 616161 என்ற எண்ணிலோ இணையத்திலோ சொல்லலாம்.

ஒருவருக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் கவுன்சில்தான். 2014-ன் பராமரிப்புச் சட்டம் 42-வது பிரிவின்படி, பராமரிப்புத் தேவையுள்ள ஒருவர் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளாகிறார், தன்னைக் காத்துக்கொள்ள முடியவில்லை என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் கவுன்சில் விசாரித்தே ஆக வேண்டும். சொந்தப் பணத்தில் இருப்பவருக்கும் இது உண்டு. உடனடி ஆபத்து என்றால் 999. இழுத்தடிக்கும் சாதாரணப் புகார் என்றால் முதலில் இல்லத்தின் புகார் முறை, அதிலும் திருப்தி இல்லையென்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஓம்புட்ஸ்மன் (புகார்களை விசாரிக்கும் சுதந்திர அதிகாரி). விஷயம் தெரிய வந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும். என்.எச்.எஸ். பணம் கட்டும் பராமரிப்பு என்றால் ஓம்புட்ஸ்மன் வேறு.

ஒரே இடத்தில் சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற இடத்தில், கற்றல் குறைபாடுள்ளவர்களை ஊழியர்கள் அடித்துக் கொடுமைப்படுத்தியதை அங்கே வேலை பார்த்த நர்ஸ் ஒருவர் நிர்வாகத்திடமும் சொன்னார், சி.க்யூ.சி.யிடமும் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 2011 மே மாதம் பி.பி.சி.யின் பனோரமா நிகழ்ச்சி ரகசியமாகப் படம் பிடித்துக் காட்டிய பிறகே நாடு விழித்தது. பதினொரு ஊழியர்கள் தண்டிக்கப்பட்டார்கள். அது மருத்துவமனை என்றாலும் படிப்பினை இல்லங்களுக்கும் பொருந்தும்: இரண்டு இடத்திலாவது எழுத்தில் சொல்லி, பதில் எண்ணை வாங்கி வையுங்கள்.

புகார் செய்தால் அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ? எங்களை உள்ளே விடமாட்டார்களோ?

எல்லோர் மனதிலும் இருக்கும் பயம். பாதிப் பேர் இதனாலேயே வாய் திறப்பதில்லை. புகார் செய்ததற்காக ஒருவரைப் பழிவாங்கக் கூடாது என்பது சட்டத்தின் நிலை. பார்க்க வருவதைப் பொறுத்தவரை, 2024 ஏப்ரல் 6 முதல் அதே 2014-ன் விதிமுறைகளில் 9ஏ என்ற விதி வந்திருக்கிறது: தக்க காரணம் இல்லாமல் பார்வையாளரைத் தடுக்க முடியாது. "நோட்டீஸ் கொடுப்போம்" என்று யாராவது வாய்விட்டுச் சொன்னால், அதை அன்றே எழுதி மேனேஜருக்கு அனுப்பி, சேஃப்கார்டிங் பிரிவுக்கும் ஒரு நகல் வையுங்கள். எழுத்தில் வந்துவிட்டால் பேச்சின் சுருதி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

கேமராப் பதிவைக் கேட்கலாமா?

அம்மா அதில் தெரிந்தால் கேட்கலாம். ஆனால் பதிவுகள் சில வாரத்திலேயே தானாக அழிந்துவிடும், ஆகவே அன்றைக்கே கேளுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். இப்போது பதிவுகளைக் கேட்கலாமா?

ஜி.டி.பி.ஆர். உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டும்தான். அட்டர்னி பத்திரமும் அவரோடு முடிந்துவிட்டது. 1990-ன் மருத்துவப் பதிவுகளை அணுகும் சட்டப்படி, உயிலை நிறைவேற்றுபவர் போன்ற சட்டப் பிரதிநிதியோ, அந்த மரணத்தால் உரிமை கோர வாய்ப்பிருப்பவரோ கேட்கலாம். ஆனால் அது டாக்டர், நர்ஸ் போன்றவர்கள் எழுதிய மருத்துவப் பதிவுக்கே பொருந்தும். கேரர் எழுதிய தினக்குறிப்பு அதற்குள் நேரடியாக வராது. சட்டத்தில் இது பெரிய ஓட்டை என்றே நினைக்கிறேன். இல்லத்தில் ஒருவர் கடைசி மாதங்களை எப்படிக் கழித்தார் என்பது பெரும்பாலும் அந்தத் தினக்குறிப்பில்தான் இருக்கிறது.

ஆனால் வேறு கதவு இருக்கிறது. 2024 செப்டம்பர் 9 முதல், கொரோனர் (மரணத்தின் காரணத்தை விசாரிக்கும் அதிகாரி) விசாரிக்காத எல்லா மரணங்களையும் மெடிக்கல் எக்ஸாமினர் என்ற தனி டாக்டர் பார்த்த பிறகே சான்றிதழ் போகிறது. அந்த அலுவலகத்திலிருந்து குடும்பத்துக்கு ஃபோன் வரும். "ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று கேட்பார்கள். துக்கத்தில் "ஒன்றுமில்லை" என்று சொல்லி வைத்துவிடுவது நம் வழக்கம். படுக்கைப் புண், விழுந்தது, தண்ணீர் கொடுக்காதது என்று மனதில் எது உறுத்துகிறதோ அதை அப்போதே சொல்லுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் கொரோனரிடம் அனுப்புவார்கள். கொரோனர் கேட்டால் இல்லம் எல்லாத் தாளையும் கொடுத்தாக வேண்டும்.

நான் கேரர். "அந்த நேரத்தை மாற்றி எழுது" என்று சீனியர் சொல்கிறார். விசா அவர்கள் கையில் இருக்கிறது.

எழுதாதே, தம்பி. எழுதாதே, தங்கை. நீ பார்க்காததை உன் பெயரில் எழுதினால் நாளை கொரோனர் முன் நிற்பது நீதான், சொன்னவர் இல்லை. மறந்துபோனதைப் பின்னால் எழுதலாம், அதில் தவறில்லை: "தாமதப் பதிவு" என்று போட்டு, எழுதுகிற நேரத்தைக் குறித்து எழுது. மாற்றி எழுதச் சொன்னதை, யார், எப்போது, என்ன வார்த்தையில் என்று உனக்கென்று குறித்து வை. நோயாளிகளின் தாளைப் படம் எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகாதே, அது உனக்கே வினையாகும். பராமரிப்பவர் வேண்டுமென்றே புறக்கணிப்பதும் துன்புறுத்துவதும் 2015 முதல் தனிக் குற்றம், ஐந்து வருடம் வரை சிறை உண்டு. நர்ஸாக இருந்தால், நர்ஸ்களைப் பதிவு செய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவும் போகலாம்.

பொதுநலனுக்காகத் தகவல் சொல்பவரை 1998-ன் சட்டம் காக்கிறது. ஏஜென்சி ஆளுக்கும் அது உண்டு, இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. சி.க்யூ.சி.க்குப் பெயர் சொல்லாமலும் சொல்லலாம். விசா பயம் உண்மையான பயம்தான், அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்பான்சர்ஷிப் போனால் உள்துறை வழக்கமாக 60 நாள் கொடுக்கிறது, அதற்குள் வேறு ஸ்பான்சர் தேட வேண்டும். வெளிநாட்டிலிருந்து புதிதாகக் கேரர்களை எடுப்பது 2025 ஜூலை 22-ல் நின்றுவிட்டது. ஆனால் ஏற்கெனவே இங்கே அந்த விசாவில் வேலை பார்ப்பவர்கள் வேறு இல்லத்துக்கு மாற வழி இருக்கிறது. ஆகவே வாய் திறப்பதற்கு முன் யூனியனில் சேர்ந்து, ஒரு குடியேற்ற ஆலோசகரையும் பார்த்துவிடு. ஆனால் யாருக்காவது அடி விழுகிறது என்றால் அதற்கெல்லாம் காத்திருக்காதே, அன்றே சேஃப்கார்டிங்குக்குச் சொல்.

இதெல்லாம் ஸ்காட்லாந்து, வேல்ஸிலும் இப்படித்தானா?

பதிவுகளைக் கேட்கும் ஜி.டி.பி.ஆர். உரிமை யு.கே. முழுவதும் ஒன்றுதான். மேற்பார்வை அமைப்பு மாறும்: ஸ்காட்லாந்தில் கேர் இன்ஸ்பெக்டரேட், வேல்ஸில் கேர் இன்ஸ்பெக்டரேட் வேல்ஸ், வட அயர்லாந்தில் ஆர்.க்யூ.ஐ.ஏ. மனத்திறன் பற்றிய சட்டமும் ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் வேறு. அங்கே இருப்பவர்கள் மேலே உள்ள விதி எண்களை அப்படியே கடிதத்தில் போட வேண்டாம்.